எழுத்துருவும் நடுவுநிலைமையும்

விலைக்கு விற்கப்படும் தமிழ் எழுத்துரு ஒன்றை, உரிமம் வாங்குவதற்கு முன் கணினியில் போட்டுப் பார்க்கலாமா? அச்சகத்தார், இதழாசிரியர், பள்ளி மலர்க் குழுவினர் ஆகியோரிடையே இன்று எழும் வினா இது. சிலர் இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்குவர். சிலர் இது திருட்டே என்று ஒரே சொல்லில் முடிப்பர். திருட்டு என்பார்க்குத் திருக்குறளின் 29ஆம் அதிகாரமாகிய கள்ளாமை துணை நிற்கும். ஆனால் அவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்தது. கொடுப்பாரும் கொள்வாரும் உள்ள இடத்துக்கு ஏற்றது இல்லறவியலில் வரும் 12ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமையே. அதன் இறுதிக் குறள் வாணிகம் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை, வாங்குங்கால் அளவு மீறாதவர், விற்குங்கால் அளவு குறைக்காதவர் என்று போற்றுகிறது. இவ்விரு முனைக் கோல் கொண்டே நம் வினாவையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

எடையில்லாப் பொருள்

ஈய எழுத்தின் காலத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோதும் சரி, 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்துகள் வந்தபோதும் சரி, எழுத்து என்பது கையால் தூக்கிச் சுமக்க வேண்டிய உலோகப் பொருள். பிற்காலத்து அச்சகத்தார் வார்ப்பாலையின் மாதிரித் தாளைக் கண்டு, எடைக் கணக்கில் எழுத்து வாங்கினர்; தேய்ந்தால் மீண்டும் வாங்கினர். ஒரு பெட்டி எழுத்தை நண்பருக்குக் கொடுத்தால் தம் பெட்டி வெறுமையாகும். இன்றைய எழுத்துருவுக்கோ எடையில்லை. பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் கொடுத்தவரிடம் குறைவதில்லை. எடையில்லாத காரணத்தால் அதில் உழைப்பும் இல்லை என்று மயங்கிவிடுகிறோம்.

தமிழ் எழுத்துருவின் உழைப்பு எளியதன்று. ஆகாரத்துக்கும் எகரத்துக்கும் ஐகாரத்துக்கும் துணைக்குறிகளை ஒருமுறை வரைந்தால் போதும். உகர ஊகர வரிசைகளிலோ, குகரம் போன்றதன்று சுகரம். டுகரம் போன்றதன்று துகரம். 18 மெய்களுக்கு இவ்விரு வரிசையில் மட்டும் 36 வடிவங்கள் வேண்டும். டிகரமும் டீகாரமும் தனியே கவனிக்கத் தக்கன. கிரந்த எழுத்துகள் இவற்றின் வேறு. இவை அனைத்தும் ஒரே கை எழுதியவைபோல் ஒத்து நிற்க வேண்டும்.

பழக்கம் வந்த வழி

எழுத்துருவை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பழக்கம் பேராசையால் மட்டும் வந்ததன்று. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. எந்த எழுத்துருவில் ஒரு கட்டுரை தட்டச்சானதோ அவ்வெழுத்துரு இல்லாவிடில், பெற்றவர் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆகவே கட்டுரையோடு எழுத்துருவையும் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆசிரியர் அச்சகத்துக்கும், அச்சகத்தார் இதழுக்கும் அப்படியே அனுப்பினர்.

இந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் மலேசியருக்குத் தனி இடம் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனார் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். 1999இல் சென்னை மாநாட்டையொட்டிப் பொதுக் குறியீட்டு முறைகள் வகுக்கப்பட்டன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. பின்னர் ஒருங்குறி எங்கும் பரவியது; எந்த எழுத்துருவில் எழுதினாலும் எதிலும் படிக்கலாம் என்ற நிலை வந்தது. தேவை ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. அன்று படிப்பதற்காகக் கொடுத்தோம். இன்று அழகுக்காகக் கொடுக்கிறோம். அன்றைய காரணத்தை இன்றைய செயலுக்குக் கூறுவது பொருந்தாது.

எல்லை எங்கே?

பிரிக்பீல்ட்ஸில் திருமண அழைப்பிதழ் செய்யும் கடை ஒன்றை எண்ணுவோம். வடிவமைப்பாளர் மூன்று எழுத்துருவில் மூன்று மாதிரி செய்கிறார். மணவீட்டார் ஒன்றைத் தேர்கின்றனர். மற்ற இரண்டையும் அவர் வாங்கியிருக்க வேண்டுமா? வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. தேர்ந்தெடுக்கப்பட்டதையும் வாங்காமலே 500 அழைப்பிதழ் அச்சிட்டால் அது எவ்வகையிலும் சோதனை ஆகாது. அழைப்பிதழுக்கு அவர் கூலி பெறுகிறார். தாள் வணிகரும் மை வணிகரும் விலை பெறுகின்றனர். எழுத்து வரைந்தவர் ஒருவரே வெறுங்கையோடு நிற்கிறார்.

ஆகவே எல்லையை இவ்வாறு வகுக்கலாம். தம் மேசையில், தம் கண்ணால், தேர்வதற்காகக் காண்பது சோதனை. அதன் பயன் கையை விட்டு நீங்கி, அச்சாகவோ பதாகையாகவோ விற்பனைக்கோ போகும்போது சோதனை முடிந்துவிடுகிறது. அந்நொடியில் விலை கடனாகிறது. இரண்டாவது, சோதனைக்கு நாள் வரையறை வேண்டும். ஈராண்டாகக் கணினியில் கிடக்கும் எழுத்துருவைச் 'சோதித்து வருகிறேன்' என்பது சொல்லைப் பழிப்பதாகும். மூன்றாவது, பிறருக்கு வழங்குதல் சோதனையன்று. ஒருவருக்காக மற்றொருவர் சுவை பார்க்க இயலாது. நான்காவது, எங்கிருந்து பெற்றோம் என்பதும் உண்டு. ஆக்கியவரிடம் கேட்டுப் பெறுவது ஒன்று. திருட்டுப் படிகளைக் குவித்து வைத்த இடத்தில் எடுப்பது மற்றொன்று. பின்னதில் நோக்கம் தூயதாயினும் வழி தூயதன்று.

சட்டம் முழு விடை தருவதில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களை இலக்கியப் படைப்பாகக் கொண்டு காக்கிறது. ஆய்வுக்கும் தனிப்பட்ட கல்விக்கும் நியாயமான அளவில் பயன்கொள்ள இடமும் தருகிறது. அமெரிக்காவிலோ எழுத்தின் வடிவுக்குப் பதிப்புரிமை இல்லை. அதனைத் தாங்கும் நிரலுக்கே உண்டு. நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டத்தை மட்டும் நம்பி ஒழுக்கத்தை வகுக்க இயலாது. ஆக்கியவர் எழுதிய உரிமத்தைப் படிப்பதே முதற்கடன். சோதனைக்கு அது இடம் தந்தால் தடையில்லை. தராவிடில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

விற்பவர் கடமை

கோலின் மறுமுனையையும் பார்ப்போம். வாங்குவோர் கடமையைச் சொல்லி விற்பவர் கடமையைச் சொல்லாதிருப்பது நடுவுநிலைமை ஆகாது. எழுத்துரு விற்போர் மூவகையில் காட்சி தருகின்றனர். சிலர் படமாக இரண்டு வரி காட்டுவர். சிலர் சில எழுத்துகளை நீக்கிய சோதனை எழுத்துருவைத் தருவர். சிலர் முழு எழுத்துருவையும் குறித்த நேரத்துக்குத் தருவர்; 2015இல் தொடங்கிய ஃபாண்ட்ஸ்டாண்டு, ஒரு மணி நேரம் இலவசமாகப் பார்க்கவும், பின் மாத வாடகைக்கு எடுக்கவும் வழி வகுத்தது.

முதல் வகை தமிழுக்குப் போதாது. 'அம்மா', 'வணக்கம்' என்னும் சொற்களில் அழகாக இருக்கும் எழுத்துரு, 'கூழ்', 'நூற்றூண்' என்பவற்றில் தடுமாறலாம். இரண்டாம் வகை ஆங்கிலத்துக்கு ஏற்றதாயினும் தமிழுக்குப் பெருங்குறை. ஊகார வரிசையை நீக்கினால் ஒரு பத்தியையும் முழுமையாக அமைக்க முடியாது. மலேசிய அச்சகத்தார்க்குத் தேவை இன்னும் மிகுதி. ஷா ஆலம், ஜொகூர், ஸ்ரீ பெட்டாலிங் என்னும் ஊர்ப்பெயர்களை ஷகரமும் ஜகரமும் ஸ்ரீயும் இன்றி எழுத இயலுமா? மலாய்ப் பெயர்களை உரோமன் எழுத்திலும் அருகே அச்சிட வேண்டும். இரண்டும் ஒரே பருமனாக நிற்கின்றனவா என்பதை முழு எழுத்துருவால்தான் அறியலாம். ஆகவே மூன்றாம் வகையே தமிழுக்கு ஏற்றது. முழுமையாகக் காட்ட மறுக்கும் விற்பனையாளர், நேர்மையானவரையும் குறுக்கு வழிக்குத் தள்ளுகிறார். உரிமத்தைத் தமிழில் எழுதாமை மற்றொரு குறை. தமிழர்க்கு விற்கும் பொருளின் உடன்பாடு தமிழர்க்கு விளங்க வேண்டாவோ?

இரு மறுப்புகள்

'தமிழ் அனைவர்க்கும் பொது. அதன் எழுத்துக்கு விலையா?' என்பார் உளர். 'ழ' என்னும் எழுத்து பொது. அதனை ஒருவர் பல நாள் வரைந்து திருத்திய வடிவம் பொதுவன்று. மொழி பொது என்பதற்காக நூலாசிரியரின் நூலைப் பொது என்று எவரும் கொள்வதில்லை. தமிழ்ப்பற்றைக் கூறித் தமிழுக்கு உழைத்தவரின் கூலியை நிறுத்துவது பற்றாகாது.

'பணமில்லை' என்பது அடுத்த மறுப்பு. தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர்க்குப் பணமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆயினும் அதற்கு நேர்வழி இன்று உண்டு. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', இலங்கையின் தாரிக் அசீஸ் ஆக்கிய 'பவனம்', 'கவிவாணர்', ஏக் டைப் குழுவினரின் 'முக்தா மலர்' ஆகியவை திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிடவும் பிறருக்கு வழங்கவும் அவற்றின் ஆக்குநரே இசைவு தந்துள்ளனர். கொடுக்கப்பட்டது இருக்கக் கொடுக்கப்படாததை எடுக்க வேண்டிய தேவை என்ன?

எஞ்சும் கவலை

இது ஒரு சிலரின் வருவாய் பற்றிய செய்தி மட்டுமன்று. ஆப்பிள் கருவிகளில் வரும் 'தமிழ் எம்.என்.' என்னும் எழுத்துருவின் பெயரில் நிற்கும் ஈரெழுத்து முத்து நெடுமாறனைக் குறிக்கும். நம் நாட்டவர் ஒருவரின் எழுத்தை உலகம் படிப்பது பெருமைக்குரியது. ஆயினும் பெருநிறுவனங்கள் வேண்டுவது பெரும்பாலும் திரைக்கான எழுத்து. பாடநூலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் சிறுவர் நூலுக்கும் தனித்தனி எழுத்து வேண்டுமாயின், அவற்றைத் தமிழ்ப் பதிப்பகமும் தமிழ் அச்சகமும் தமிழ்ப் பள்ளியுமே விலை கொடுத்து வளர்க்க வேண்டும். வாங்குவார் இல்லாத இடத்தில் வரைவாரும் இரார்.

தமிழாசிரியர் செய்யத்தக்க சிறு செயல் ஒன்று உண்டு. நூலில் அச்சகத்தின் பெயரை இடுவது நம் மரபு. அதனருகே எழுத்துருவின் பெயரையும் அதனை ஆக்கியவர் பெயரையும் பள்ளி மலர்தோறும் அச்சிடச் செய்யலாம். மாணவர் எழுத்தின் பின்னே ஒரு மனிதர் இருப்பதை அறிவர். மலர்க் குழுவினரும், அப்பெயரை வெளிப்படையாக அச்சிடத் தயங்கினால், தம்மிடம் உரிமம் இல்லை என்பதைத் தாமே உணர்வர்.