நாரைக்குக் குரல் கொடுத்தவன்

என் நாவல் ஒன்றில், கதாநாயகி ஆற்றங்கரையில் தனியாக நிற்கும்போது ஒரு செங்கால் நாரை சோகமாகக் கூவிக்கொண்டு தலைக்கு மேலே பறந்து போகிறது. அந்த இடத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

2023 தை மாதத்தில், பறவைப் பைத்தியமான நண்பர் ஒருவர் என்னை அணைக்கரைக்கு அருகே கொள்ளிடக் கரைக்கு இழுத்துப் போனார். விடியற்காலைப் பனி. மணல் திட்டின் ஓரத்தில் ஓர் உள்ளான் பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு இரை பொறுக்கியது. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த விருந்தாளி என்றார் நண்பர். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்றது. பிறகு தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. இத்தனையும் நடக்கிற ஆற்றங்கரையைத்தான் நான் 'பட்சிகள் ஒலித்தன' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டுக் கதாநாயகியின் கண்ணீருக்குப் போய்விடுவது வழக்கம்.

ஆழமில்லாத தண்ணீரில் ஐந்தாறு நாரைகள் நின்றன. "செங்கால் நாரை!" என்றேன். "மூக்கைப் பாருங்கள், ஸார்" என்றார் நண்பர். மூக்கு மஞ்சள், நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்திருந்தது. இது மஞ்சள்மூக்கு நாரை, இந்த நாட்டிலேயே கூடு கட்டுவது. செங்கால் நாரை குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வருவது. காலைப் போல மூக்கும் சிவப்பு, வளைவில்லாமல் நேராகக் கூர்ந்து முடியும்.

அங்கேயே எனக்குச் சத்திமுத்தப் புலவரின் பாட்டு நினைவு வந்தது. அந்த அலகுக்கு அவர் பிளந்த பனங்கிழங்கை உவமை சொல்கிறார். 'உவமை நயம்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நயம் கிடக்கட்டும், அது அங்க அடையாளம்! வளைந்த மஞ்சள் மூக்கை அந்த உவமை கிட்டவே சேர்க்காது. பனங்கிழங்கு மார்கழி, தையில் கிடைப்பது; பறவையும் அந்தப் பருவத்தில்தான் வரும். மதுரையில் குளிரில் சுருண்டு கிடந்த ஏழைக்கு, வானத்தில் போனது தின்கிற பண்டமாகத் தெரிந்திருக்கிறது. அது தெற்கே வந்து வடக்கே திரும்பும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் சத்திமுத்தத்தில் இருக்கும் மனைவிக்கு அதனிடம் சேதி சொல்லி அனுப்புகிறார்.

திரும்பும் வழியில் நண்பர் சாவகாசமாகச் சொன்னார்: "செங்கால் நாரைக்குக் கூவத் தெரியாது. மூக்கைத் தட்டி ஓசை செய்யும், அவ்வளவுதான்." எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து பாட்டை மறுபடி பார்த்தேன். வீட்டில் மனைவி காது கொடுத்துக் காத்திருப்பது பல்லியின் குரலுக்கு. நாரை எங்கேயும் கத்தவில்லை.

கவிதைக்கு விலங்கியல் பரீட்சை வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்க வேண்டாம். அன்னம் பாலையும் நீரையும் தாராளமாகப் பிரிக்கட்டும். அது கவி சம்பிரதாயம். நான் செய்தது சம்பிரதாயமும் இல்லை, கண்ணால் கண்டதும் இல்லை. அழ வேண்டியவளை அழவைக்கத் தெரியாமல் பறவையை அழவைத்திருக்கிறேன்.

இப்போது அந்த நாவலின் புதுப் பதிப்புக்குப் புரூப் வந்திருக்கிறது. 'சோகமாகக் கூவிக்கொண்டு' என்பதை அடித்தேன். அடித்துவிட்டுப் படித்தால், அந்தப் பாராவில் சோகமே இல்லை. அவள் சும்மா நிற்கிறாள்.