பல்லும் படமும்: சிறார் படநூல்கள் நான்கு பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியம் பற்றிப் பேசும்போது பாட்டையும் கதையையும் நாம் கருத்திற் கொள்கிறோமேயன்றிப் படநூலைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது அரிது. அதிலும் பற்களைப் பற்றிய படநூல்கள் சுகாதாரப் போதனையின் ஒரு கிளையாகவே கருதப்பட்டு வந்துள்ளன. நோக்கம் நல்லது, ஆகவே நூலும் நல்லது என்ற எளிய முடிபுடன் அவை பிள்ளையின் கையிற் கொடுக்கப்படுகின்றன. இம்முடிபு எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதை நான்கு நூல்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போதனையின் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி பாற்பற்களிற் சொத்தை உடைய சிறாரின் தொகை ஏறத்தாழ 51 கோடி 40 இலட்சமாகும். ஆயினும் பிள்ளையைப் பொறுத்தவரை பல் என்பது சுகாதாரப் பிரச்சினை மட்டுமன்று. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் மூன்று வயதளவில் இருபதாக நிரம்பி, ஆறு வயதளவில் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்குகின்றன. தன் உடலின் ஒரு பகுதி தன்னை விட்டு நீங்குவதையும், அந்நியர் ஒருவரின் கை தன் வாய்க்குள் நுழைவதையும் பிள்ளை இக்காலத்திலேதான் முதன்முதலாக அறிகிறது. இவ்வனுபவத்தை ஒரு நூல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே நமது அளவுகோலாக அமைதல் வேண்டும்.

நோர்வே நாட்டு எழுத்தாளர் தோர்பியோர்ன் எக்னர் 1949 இல் தாமே எழுதி, தாமே படமும் வரைந்த ‘காரியஸும் பாக்டஸும்’ இவ்வகையில் மிகப் புகழ் பெற்றது. பற்சொத்தையையும் பற்றீரியாவையும் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தவை இப்பெயர்கள். இயென்ஸ் என்னும் சிறுவனின் பற்களிற் குழி தோண்டி வீடமைத்து வாழும் இரு குறும்பர்களே இக்கதையின் நாயகர்கள். பாகு பூசிய வெள்ளைப் பாண் வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். கரட் வந்தாற் பட்டினி. ஈற்றிற் பல்வைத்தியர் குழிகளை அடைத்துவிடுகிறார். வீடிழந்த இருவரையும் பற்றூரிகை அடித்துச் செல்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத ஒரு நிகழ்வைக் கண்முன் நிறுத்துதல் போதனையின் அடிப்படைச் சிக்கலாகும். எக்னர் அதனை வெற்றியுடன் தீர்த்துள்ளார். ஆனால் அத்தீர்விலிருந்தே மற்றொரு சிக்கல் தோன்றுகிறது. பகைவருக்கு முகமும் பெயரும் பசியும் வீடும் அளித்த பின்னர் அவர்களை வெறுக்கும்படி வாசகனைக் கேட்பது எளிதன்று. வீடு கட்டி மகிழ்ந்திருந்த சிறியவர் இருவர், பெரியவர் ஒருவரின் கருவியால் வீடிழந்து அலைகின்றனர். சிறுவனாகிய வாசகன் இயற்கையாகவே சிறியவர் பக்கம் சார்கிறான். இயென்ஸோ கதையில் உயிரோட்டம் குறைந்தவனாகவே நிற்கிறான். அவன் வாய்தான் களம், அவனல்லன். நூலின் கலை அதன் போதனைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது எனலாம். அச்சாட்சியே அதனை வெறும் சுகாதாரப் பிரசுரம் ஆகிவிடாமற் காத்து, தலைமுறை கடந்து வாழச் செய்தது என்பது என் கருத்து.

ஐக்கிய அமெரிக்காவின் வில்லியம் ஸ்ரைக் 1982 இல் வெளியிட்ட ‘டொக்டர் டி சோட்டோ’ இதே படிமத்தைத் தலைகீழாக்குகிறது. இங்கும் வாய்க்குள் நுழைபவர் சிறியவரே. ஆனால் அவர் நோயல்லர், வைத்தியர். டி சோட்டோ ஓர் எலி. பெரும் விலங்குகளுக்குச் சிகிச்சை செய்ய வேண்டுமாயின் உதவியாளராகிய மனைவி கப்பியினால் அவரை மேலே உயர்த்துவார். எலிக்கு ஆபத்தான விலங்குகளை ஏற்பதில்லை என்பது அவர்களது விதி. பல்வலியால் அழுது வந்த நரிக்காக அவ்விதி தளர்த்தப்படுகிறது. மயக்கத்திற் கிடக்கும் நரி எலியை உண்ணும் கனவை உளறுகிறது. பின்னர், தன் வலியைத் தீர்த்தவரைத் தின்பது முறையா என்றும் தன்னுள் வினவிக்கொள்கிறது. மறுநாட் பொற்பல்லைப் பொருத்திய பின், பல்வலியை என்றும் வராமற் தடுக்கும் மருந்தெனக் கூறிப் பசையைப் பூசி நரியின் வாயை ஒட்டிவிடுகிறார் வைத்தியர்.

இக்கதை ஒரு முறையேனும் பல் துலக்கச் சொல்லவில்லை. ஆனால் பற்சிகிச்சை பற்றிய அச்சத்தின் உள்ளீட்டை இதைப்போல் விளக்கிய நூல்கள் சிலவே. வாசிக்கும் பிள்ளை எலியைப் போலச் சிறியது. நரியைப் போல வலியுற்றது. ஒரே வேளையில் இரு பக்கமும் நிற்குமாறு கதை அதனைப் பணிக்கிறது. ஆபத்தென அறிந்த பின்னரும் தொடங்கிய பணியை முடித்தே தீர்வேன் என்னும் டி சோட்டோவின் உறுதியிற் தொழில் தர்மம் போதனையாக அன்றி நிகழ்ச்சியாக உருப்பெறுகிறது. நோயாளியை ஏமாற்றும் வைத்தியரைப் பிள்ளைக்குக் காட்டலாமா எனச் சிலர் வினவக்கூடும். சிகிச்சை முழுமையாக முடிந்த பின்னரே தற்காப்பு வருகிறது என்பதை அவர்கள் கவனித்தல் வேண்டும். அவ்வரிசைமுறையிலேயே ஆசிரியரின் அறநோக்கு அடங்கியுள்ளது.

யப்பானியரான தாரோ கோமி 1984 இல் ஆக்கிய முதலையும் பல்வைத்தியரும் பற்றிய நூல் சொற்சிக்கனத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சந்திக்க விருப்பமில்லை, ஆயினும் சந்தித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருவரும் உள்ளனர். முதலை சொல்லும் சொற்களையே வைத்தியரும் சொல்கிறார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. அப்பொருளை வேறுபடுத்துவது படமே. படத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருளற்ற இரட்டிப்பு. ஒருவர் முதலையாகவும் மற்றவர் வைத்தியராகவும் வாசிக்கக்கூடிய இந்நூல், தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்து வாசிப்பதற்கென்றே அமைந்தது போலும். பணிவாக விடைபெறும் இருவரும் மீண்டும் சந்திக்காதிருக்கவே உள்ளூர விரும்புகின்றனர். ஆகவே பல் துலக்குதல் வேண்டும் என்ற முடிபு கதையின் தர்க்கத்திலிருந்தே கனிகிறது. எக்னரிடம் முரண்பட்டு நின்ற கலையும் போதனையும் இங்கு இணைகின்றன.

றொபேட் மக்ளொஸ்கியின் ‘மெய்னில் ஒரு காலை’ (1952) நோயையன்றி இழப்பைப் பேசுவது. பல் ஆடுவதைக் கண்டு கலங்கும் சால் என்னும் சிறுமிக்கு, அது வளர்ச்சியின் அடையாளம் எனத் தாய் உணர்த்துகிறாள். அப்பல்லோ கடற்கரைச் சேற்றில் வீழ்ந்து மறைகிறது. தலையணையின் கீழ் வைத்து வரம் வேண்டுவதற்கும் வழியில்லை. கடற்பறவையின் இறகொன்றைப் பல்லுக்குப் பதிலாகக் கொண்டு அவள் வரம் வேண்டுகிறாள். பின்னர் தன் சிறிய தங்கைக்காகவும் தானே ஒரு வரம் கேட்கிறாள். இழந்தவள் ஈபவளாக மாறும் இத்தருணத்திற்றான் அவள் வளர்ந்துவிட்டாள் என்பது புலனாகிறது. ஆசிரியர் அதனை எடுத்துச் சொல்லாது விட்டமை பாராட்டுக்குரியது.

இந்நான்கினையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பிள்ளையைத் திருத்தப்பட வேண்டிய வாயாகக் காணாது, அஞ்சவும் சிந்திக்கவும் வல்ல ஆளாகக் காணும் நூலே போதனையிலும் வெற்றி பெறுகிறது. இவ்வுண்மை நமக்கும் உரியது. முதற்பல் முளைத்ததும் தேங்காய்ச் சொட்டுக்களைப் பற்களாகப் பதித்த கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையிற் சொரிந்து, ஏடும் எழுத்தாணியும் பொன்னும் முன்வைத்து எதை எடுக்கிறதெனப் பார்த்து மகிழும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு நம்மிடையே உண்டு. உதிர்ந்த பல்லைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் வேண்டும் வழக்கமும் இந்நாட்டில் உண்டு. முளைத்தலையும் உதிர்தலையும் அச்சமின்றிக் கொண்டாடத் தெரிந்த ஒரு சமுதாயம், தன் பிள்ளைகளுக்கான படநூலைச் சுவரொட்டியின் விரிவாக எழுதவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. பொருள் நம்மிடம் உள்ளது. ஓவியரும் எழுத்தாளரும் ஒன்றிருந்து அதனை ஆக்குதல் வேண்டும். திறனாய்வாளரும் அதனைக் கருத்தூன்றி வாசித்தல் வேண்டும்.