கிழித்த படம்

2023இல் ஷினேட் ஓகானர் இறந்ததும் அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது உவப்பாக இல்லை. பாதிரிமார்களால் சீரழிக்கப்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்து, 2010இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்துக்கு எழுதிய கடிதம்தான் இந்தப் பட்டத்துக்கு ஜாமீன். பணம் வந்தபின் செக்கை நல்லது என்பது எங்கள் கவுண்டர் புத்தி, விமர்சகனுக்கு எதற்கு?

1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பில் பாப் மார்லியின் 'வார்' பாடலைப் பக்கவாத்தியமின்றிப் பாடினார். மார்லி இனவெறியைப் பாடிய ஓரிடத்தில் குழந்தைகள் மீதான கொடுமையை வைத்தார். முடிவில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்தார். அவரை அடித்து வளர்த்த தாயின் சுவரில் தொங்கிய படம் அது. கிழித்ததை மட்டும் பிரித்தெடுத்துச் சர்ச்சை என்கிறார்கள். பாட்டின் கடைசி அடியாகவே எனக்கு அது படுகிறது. கடிதம் வராமலே போயிருந்தாலும் அந்த அடி நிற்கும்.

பதின்மூன்றாம் நாள் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் டிலனுக்கு விழா. 1965இல் நியூபோர்ட்டில் மின்கிடாருடன் நின்று கூச்சல் வாங்கியவர் டிலன். அவரைக் கொண்டாட வந்த கூட்டம் இவளைப் பார்த்து ஊளையிட்டது, கைதட்டியவர்களும் உண்டு. பாட வேண்டியிருந்த டிலன் பாட்டை விட்டுவிட்டு, 'வார்' பாடலையே கத்தினாள். அவளை மேடையிலிருந்து இறக்கச் சொல்லிக் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனை அனுப்பினார்கள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.