குடிபெயர்ந்தோர் நிலையும் ஒப்பீட்டு முறையும்: மலாயாத் தமிழரை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஒரு நாட்டிற் குடியேறிய பல இனத்தாருள் ஒரு சாரார் செல்வமும் கல்வியும் எய்தி உயர்தலும், மற்றொரு சாரார் தலைமுறை பல கடந்தும் தாழ்ந்து கிடத்தலும் எதனால் நிகழ்கின்றன என்பது நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் வினா. இதற்கு விடை கூறினாருள் அமெரிக்கப் பொருளியலறிஞர் தாமஸ் சோவல் குறிப்பிடத்தக்கவர். 1981இல் வெளிவந்த ‘எத்னிக் அமெரிக்கா’, 1996இல் வெளிவந்த ‘மைக்ரேஷன்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்’ என்னும் நூல்களில் அவர் நிறுவ முயலும் கருத்து இது: மக்கட்கூட்டத்தார் தாம் செல்லுமிடமெல்லாம் தம் தொழில்திறத்தையும் சிக்கனத்தையும் கல்வி வேட்கையையும் உடன் கொண்டு செல்கின்றனர், சென்ற நாடு எதுவாயினும், அவர்தம் உயர்வு தாழ்வுகளைப் பெரும்பாலும் உறுதி செய்வது இப்பண்பாட்டு முதலே. பின்னைய நூலில் கடல் கடந்த சீனரும் இந்தியரும் தனித்தனியே ஆராயப்பெறுகின்றனர்.

இக்கொள்கையை மலாயாவிற் குடியேறிய தமிழர் வரலாற்றோடும், அயலகத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட புனைகதைகளோடும் உறழ்ந்து நோக்க விரும்புகின்றோம். தமிழ்த்துறையார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், ‘தமிழன் இயல்பே இது’ என்னும் தொடர் நம்மவர் மேடையிலும் ஏட்டிலும் அடிக்கடி வழங்குவது. புகழ்வோரும் இகழ்வோரும் அதனை ஒருங்கே ஆள்கின்றனர். அத்தொடரின் மெய்ம்மையை ஆராயும் கடமை தமிழ் பயில்வார்க்கு உண்டு.

கொள்கையின் வலிமை

ஒரு கொள்கையை மறுக்கப் புகுவார் முதற்கண் அதன் வலிமையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஏழ்மைக்குப் பிறர் செய்யும் வேற்றுமையே முழுக் காரணம் என்பாரைச் சோவல் மறுப்பது பொருத்தமுடையது. தென்கிழக்காசியச் சீனர் அரசியல் அதிகாரம் இன்றியும் வாணிகத்தில் முன்னின்றனர் என்பது அவர் காட்டும் சான்று. இந்தியரை ஒரே தொகுதியாகக் கொள்ளாமல், குசராத்தியர், நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப் பகுத்து நோக்கும் நுட்பமும் அவரிடம் உண்டு. ஆயின், பகுத்த பின்னரும் ஒவ்வொரு பகுதியின் நிலைக்கும் காரணத்தை அப்பகுதியாரின் அகத்தேயே பெரிதும் தேடுகின்றார். குறை இங்குத்தான் நேர்கின்றது.

மூவகைச் செலவு

மலாயாவிற்குச் சென்ற தமிழருள் மூவகையினரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒருவர் தோட்டத் தொழிலாளர், ஒருவர் நகரத்தார், மற்றொருவர் யாழ்ப்பாணத்தார். மூவரும் பேசியது தமிழ். மூவருள்ளும் பெரும்பாலார் வழிபட்டவை சைவக் கடவுளரும் ஊர்த் தெய்வங்களும். மூவரும் வாழ்ந்தது ஒரே ஆங்கில ஆட்சியின்கீழ். ஆயினும் மூவர் எய்திய நிலையும் மூவேறு.

பொருள்வயிற் பிரிவு என்பது நம் அகத்திணை மரபு நன்கறிந்தது. தலைவன் பொருள் தேடப் பிரிவான், பருவம் குறித்து மீள்வான், தலைவி இல்லிருப்பாள். கடல்வழிச் செலவு மகளிரொடு இல்லை என்பதும் தொல்காப்பியர் கூறும் மரபு. நகரத்தாரின் செலவு இம்மரபுக்கு மிக அணுகியது. மனையாளைச் செட்டிநாட்டில் இருத்தி, மூன்றாண்டு அளவிலான கணக்குக்குக் கொண்டுவிக்கச் சென்று, கணக்கு முடித்து ஊர் மீண்டனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகி, இறுதியில் தனிக்கடை வைக்கும் படிமுறை அவர்க்கு இருந்தது. பல விலாசத்தார் ஒருங்கே தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கி, கடையாகவும் உறைவிடமாகவும் பள்ளியாகவும் பயன்பட்டது.

யாழ்ப்பாணத்தாரின் செலவு வேறு வகைத்து. 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திற்கு வந்தது; 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் தோன்றியது. இவற்றின் வழியே ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் உருவாயினர். மலாயாவில் இருப்புப்பாதையும் அரசு அலுவலகங்களும் விரிந்தபோது, எழுத்தரும் நிலையத் தலைவரும் வேண்டப்பட்டனர். அவ்விடங்களை யாழ்ப்பாணத்தார் நிரப்பினர்.

தோட்டத் தொழிலாளர் செலவோ இவ்விரண்டனுள் ஒன்றும் அன்று. 1910இல் நிறுத்தப்படும் வரை ஒப்பந்தக்கூலி முறையும், 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை கங்காணி முறையும் அவர்களை அழைத்துச் சென்றன. ஆள் திரட்டிய கங்காணிக்கு, வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் தலைக்காசு கிடைத்தது. கங்காணி முறையில் ஆடவரோடு பெண்டிரும் சிறாரும் சென்றனர். நிலமற்றோரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே அவருட் பெரும்பகுதி. இது பொருள்வயிற் பிரிவு அன்று; வாழ வழியற்ற சேரியை வேரோடு பெயர்த்து வேற்று மண்ணில் நடுதல். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களனாகக் கொண்டதாயினும், இச்செலவின் தன்மையை நன்கு காட்டுவது. மருதி தோட்டத்தை அடையுமுன்னரே, அவளது தோல்வியின் விதை அவள் ஊரிலேயே ஊன்றப்பட்டுவிட்டது என்பது அக்கதையைக் கற்பார்க்குப் புலனாகும்.

ஆகவே, ‘தமிழ்ப் பண்பாடு’ என ஒன்றைக் காரணமாகக் காட்டின் அது மூவர்க்கும் பொது. பொதுவானதொன்று வேற்றுமைக்குக் காரணமாதல் இயலாது. ‘உட்பிரிவுப் பண்பாடே காரணம்’ எனின், அவ்வுட்பிரிவுகளை நிலமும் முதலும் பள்ளியும் உடையன என்றும், அவை அற்றன என்றும் பகுத்தது எது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

சீனரொடு ஒப்பு

கோலாலம்பூரின் வளர்ச்சியோடு பெயர் இணைந்த யாப் ஆ லோய் 1854இல் மலாயாவிற்கு வந்தவர். சுரங்கக் கூலியாகவும் வேலை செய்தவர். 1868இல் அந்நகரின் சீனர் தலைவராகிய காப்பித்தான் ஆனார். தமிழ்க் கூலி ஒருவர் அங்ஙனம் உயர்ந்த வரலாறு ஏன் இல்லை என்று கேட்பாருளர்.

சீனக் கூலிகளும் கடன்பட்டே வந்தனர்; நோயாலும் அபினியாலும் எண்ணற்றோர் மாண்டனர். ஆயின், அன்றைய ஈயச் சுரங்கங்களிற் பல சீனர் கையில் இருந்தன. முதலாளியும் கூலியும் ஒரே மொழியினர். கடன் தீர்ந்த கூலி சுரங்கத்திற் சிறு பங்கு பெறலாம். நகரத்திற் கடை வைக்கலாம். தன் குலத்தார் சங்கத்தில் கடன் கேட்கலாம். உயர்ந்தோர் சிலரே, ஆயினும் ஏணி கண்முன் நின்றது.

தமிழ்த் தொழிலாளர் சேர்ந்த இரப்பர்த் தோட்டம் பெரும்பாலும் ஐரோப்பியர் உடைமை. துரைக்குக்கீழ்க் கிராணி, கிராணிக்குக்கீழ்க் கங்காணி என நின்ற வரிசையில், மரம் சீவுவோன் எட்டக்கூடிய உச்சம் கங்காணிப் பதவி. குடியிருந்த லயம் தோட்டத்துக்கு உரியது. வேலை போயின் வீடும் போம். நகரமோ தொலைவில். 1920களின் இறுதியில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் மகளிர்க்கு 40 காசும் எனக் கூலி வரையறுக்கப்பட்டிருந்தது. விலைவீழ்ச்சி நேர்ந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

கல்வியிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துச் சிறார் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. சீனப் பள்ளிகளையோ அந்நகரங்களிலேயே வாழ்ந்த சீன வணிகர் உயர்நிலை வரை வளர்த்தனர். நகரத்தார் ஈட்டிய பொருள் ஊர் திரும்பியது. மாளிகையும் கோயில் திருப்பணியும் கல்விச் சாலையும் ஆயிற்று. 1929இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பர்மா முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய குடும்பத்தாரின் கொடை. இதனைக் குறையாகக் கூறுகின்றோம் அல்லோம். தமிழாராய்ச்சி அதனாற் பெற்ற பயன் பெரிது. கடல் கடந்த தமிழ் முதலும் கடல் கடந்த தமிழ் உழைப்பும் ஒரே நாட்டில் இருந்தும் ஒன்றையொன்று தாங்கவில்லை என்பதையே சுட்டுகின்றோம்.

தோட்டத் தமிழர் கள்ளுக்கு அடிமைகள் என்னும் பழியும் இவ்வாறே ஆராயத்தக்கது. கள்ளுக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே நடந்தது. வேறு பொழுதுபோக்கு எதுவும் அங்கு இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கெடாவில் அக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை அமைத்து மறியல் செய்தோரும் அதே தோட்டத்து இளைஞரே. இயல்பு என்று இகழப்பட்டதனை அவ்வியல்பினரே எதிர்த்தெழுந்தனர் எனின், அதனை இயல்பென்றல் எங்ஙனம் பொருந்தும்?

சராசரி மறைப்பன

ஒப்பீட்டாளர் பெரிதும் நம்புவது சராசரியை. 1970இல் தீபகற்ப மலேசியாவிற் குடும்பத்தின் சராசரி மாத வருவாய் மலாயர்க்கு 172 வெள்ளி, இந்தியர்க்கு 304 வெள்ளி, சீனர்க்கு 394 வெள்ளி. இதனை மட்டும் காண்பார் இந்தியர் இடைநிலையில் இனிது வாழ்ந்தனர் என்பர். அதே ஆண்டில் நிறுவனப் பங்குடைமையை நோக்கின், சீனர்க்கு 27.2 விழுக்காடு, மலாயர்க்கு 2.4, இந்தியர்க்கு 1.1 மட்டுமே, 63 விழுக்காட்டிற்கு மேல் அயல்நாட்டார் கையில். ஓர் அளவுகோலில் மலாயரினும் மேலாக நிற்பவர் மற்றோர் அளவுகோலில் அவரினும் கீழாக நிற்கின்றனர். வழக்கறிஞர், மருத்துவர், வணிகர், எழுத்தர் வருவாயையும் மரம் சீவுவோர் கூலியையும் ஒன்றாய்க் கூட்டி வகுத்த எண்ணே 304. அவ்வெண்ணுக்கு உரிய மனிதன் எந்த லயத்திலும் இல்லை.

பர்மா உணர்த்துவது

பண்பாட்டு முதல் எங்கும் வெல்லும் என்னும் கருத்துக்குப் பர்மா தக்க மறுப்பு. கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் நகரத்தார்க்கு உரிய நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நெல்விலை வீழ்ந்தமையால் ஈட்டு நிலங்கள் கடன் கொடுத்தோரை வந்தடைந்தன. பின்னர் ஜப்பானியர் படையெடுப்பும், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தன. சிக்கனமும் கணக்கறிவும் மாறவில்லை. நிலம் முற்றும் போயிற்று. போருக்கு முன்னரே முதலைத் தாயகத்துக்கு மாற்றிய முருகப்பா குடும்பத்தார் போன்றோர் இங்குத் தொழில் வளர்த்தனர். ஆகலின் பயின்ற அறிவு வீண் என்பது எம் கருத்தன்று. அறிவு பயன் தருதற்கும் சட்டமும் காலமும் இடந்தருதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளை செட்டியாரல்லர். ஆயினும் அத்தொழிலின் ஒழுங்கு முழுவதும் அவர்பால் உண்டு. எனவே அவ்வொழுங்கு பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்பது நாவலிலேயே அமைந்த சான்று. அவரிடம் பயின்ற செல்லையா இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து மீண்டபின் அவ்வொழுங்கிற்குப் பொருந்தாதவனாகின்றான். தொழிலையும் மரகதத்தையும் இழக்கின்றான். வெற்றி தரும் ஒழுங்கு யாரை வெளியே தள்ளிவிட்டு வெல்கின்றது என்பதைப் புள்ளிவிவரம் கூறாது, நாவல் கூறுகின்றது. ஒப்பீட்டாளர்க்குப் புனைகதையால் ஆகும் பயன் இது.

தொழிலாளர் செய்த ஒப்பீடு

இறுதியாக ஒன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகட்குத் தக்க கல்வி, துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது மிதிவண்டியினின்று இறங்காமற் செல்லும் உரிமை ஆகியன அவர்தம் கோரிக்கைகளுட் சில. அரசு படையை ஏவியது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஈண்டுத் தமிழரையும் சீனரையும் ஒப்பிட்டவர் தொழிலாளரே. தமிழர் ஏன் தாழ்ந்தனர் என்று அவர்கள் கேட்கவில்லை. உழைப்புக்கு ஏன் நிகரான கூலி இல்லை என்றே கேட்டனர். முன்னைய வினா மக்களின் குணத்தை நோக்கி நிற்பது. பின்னையது அவரை நிறுத்திய இடத்தை நோக்குவது. கூலியையும் கல்வியையும் மிதிவண்டியையும் ஒரே பட்டியலில் வைத்தமையால், பொருள்நிலையும் மதிப்புநிலையும் பிரிக்கவொண்ணாதன என்பதையும் அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இன ஒப்பீடு செய்யப் புகுவார் மூன்றனை முதலில் ஆராய்தல் வேண்டும்: எவ்வகைச் செலவால் அவர் சென்றனர், சென்ற இடத்தில் ஏறுதற்கு ஏணி இருந்ததா, ஈட்டியதைக் காக்கச் சட்டம் இருந்ததா. இம்மூன்றற்கும் விடை கண்ட பின்னரும் எஞ்சுவது உண்டாயின், அதனைப் பண்பாடு என்க. இரப்பர்த் தோட்டங்கள் பல அழிந்து நகரங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய பின்னரும், அத்தோட்டங்களிலிருந்து வெளியேறியோரின் பேரப்பிள்ளைகளைக் குறித்து ‘இயல்பு’ என்னும் சொல் இன்றும் வழங்கக் கேட்கின்றோம். அச்சொல்லை ஆளுமுன் அவர்தம் பாட்டன் எந்த லயத்தில், எந்தக் கூலிக்கு, எத்துணை வகுப்பு வரை உள்ள பள்ளியின் அருகே வாழ்ந்தான் என்று கேட்டறிதல் ஆராய்ச்சியாளர் கடன்.