தெரிந்த கதை, விடிய விடிய

கர்ணன் சாவான் என்பது 'கர்ண மோட்சம்' பார்க்க வந்து உட்காரும் சிறுபிள்ளைக்கும் தெரியும். 17ஆம் நாள் போரில் தேர்ச்சக்கரம் புதையும், அர்ச்சுனன் அம்பு பாயும். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனாலும் செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் சனம் விடியும்வரை எழுந்து போவதில்லை. முடிவை மறைத்து வைத்துக் காட்டுவது தெருக்கூத்தின் வேலையே அல்ல.

புரிசை நடேச தம்பிரான், கண்ணப்ப தம்பிரான் வழியில் பேர் பெற்ற வடக்கத்திப் பாணியில் திரைப் பிரவேசத்தையே பாருங்கள். இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், பாட்டு வரும், ஆள் வரமாட்டார். வருவது யாரென்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே அந்தக் காத்திருப்பில் அவ்வளவு தவிப்பு.

ஆனால் கூத்தின் உரைகல் பொன்னுருவிக் கட்டம்தான். போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று இத்தனை காலமும் அவனை இகழ்ந்தவள் அவள். தர்க்கம் வளர்கிறது. பாட்டு ஏட்டில் இருக்கிறது. வசனமோ ஆட்டக்காரர் நாவில்தான் இருக்கிறது. பொன்னுருவி வேஷக்காரர் அன்றைக்குப் புதிதாக ஒரு கேள்வியைப் போட்டால், கர்ணன் அங்கேயே பதில் கட்ட வேண்டும். மத்தளக்காரரும் கைதயாராக இருக்க வேண்டும். இவள் இறங்கிவருவாள் என்று கதை தெரிந்தவனும் "இன்றைக்கு இறங்கமாட்டாளோ" என்று ஒரு நொடி தடுமாறினால், அதுதான் நல்ல ஆட்டம். முதல் விருத்தத்திலேயே சாகப்போகிறவன் போல அழுகிற கர்ணன் தேறமாட்டான். உள்ளூர்ச் சங்கதியை நுழைத்துச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனுக்கும் இதே அளவுகோல்: அடுத்து வரும் துயரத்துக்கு அவன் இடம் விட வேண்டும்.

விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துத் தெற்கத்திப் பாணிக்கு அடவும் மெட்டும் வேறு. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்கு வட்டக்களரியும் அண்ணாவியார் மரபும் வேறு. வடமோடியில் போர்க்கதை மிகுதி. ஆகவே மோடியின் பெயரைச் சொன்னாலே கதை போகும் திசையை ஊர் ஊகித்துவிடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சில மணி நேர அரங்குக்குச் சுருக்க முடியும் என்று காட்டினார். எதை வைப்பது, எதை விடுவது என்று அறிந்து செய்த சுருக்கம் அது.

இன்றைய விழா மேடைகளில் அரைமணி நேரம் தருகிறார்கள். முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். மிஞ்சுவது கிறுகிறுவென்ற சுற்றும் சண்டையும், அதாவது எல்லாருக்கும் தெரிந்த பகுதி மட்டும். விழா நடத்தும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆண்டுக்கு ஒரு கூத்து ஜமாவையாவது கூப்பிட்டு, பொழுது விடியும்வரை ஆட விடுங்கள்.