தாயின் நினைவும் அயலின் தீயும்: ஆன் ரணசிங்கவின் கவிதைகள்

இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதப்படும் கவிதை தமிழ் வாசகரிடையே உரிய கவனத்தைப் பெற்றதில்லை. கொழும்பு ஏழின் வரவேற்பறைகளிலே பிறந்து அங்கேயே முடிந்துவிடும் பொழுதுபோக்கு அது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. அவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் ஆன் ரணசிங்கவையும் அதே கணக்கிற் சேர்த்து ஒதுக்கியமை இழப்பேயாகும். 1983 ஜூலையைப் பற்றித் தமிழரல்லாதார் எழுதிய நேர்மையான கவிதைகளுள் ஒன்று அவருடையது.

அனலீசே கட்ஸ் என்ற இயற்பெயருடன் 1925இல் ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் யூதக் குடும்பமொன்றிலே பிறந்தவர் அவர். 1938 நவம்பரில் அந்நகரின் யூதத் தொழுகைக்கூடம் தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோர் அவரைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தனர். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. பெற்றோர் போலந்தின் லொட்ஸ் நகரிலிருந்த யூத அடைப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1944இல் செல்ம்னோவிலே கொல்லப்பட்டனர். இங்கிலாந்தில் தாதியாகப் பயின்ற மகள், சிங்கள மருத்துவரொருவரை மணந்து 1950களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தார். 2016இல் இங்கேயே காலமானார். தாய்மொழியே தாயைக் கொன்றவர்களின் மொழியாகவும் அமைந்துவிட்ட ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை, மேட்டுக்குடிப் பழக்கமென்று கொள்ளுதல் பொருந்தாது.

தாயை விளித்து அவர் எழுதிய கவிதையின் தலைப்பு ‘ஹொலோகோஸ்ட் 1944’. எந்தத் தொலைநிலத்திலே தாய் புதைக்கப்பட்டாள் என்று அறியாத மகள், இறுதிக் கணத்தில் தன்னை நினைத்தாயா என வினவுகிறாள். மெழுகுதிரிகளின் மேல் விரிந்து ஆசி கூறிய தாயின் கைகள் அவள் நினைவில் எழுகின்றன. இதுவரையில் இது ஓர் இரங்கற்பாவே. ஆனால் கவிதை அங்கே நிற்கவில்லை. அம்மரணத்தில் தியாகம் எதுவுமில்லை, பயனின்மையே உண்டு என்று மகள் தீர்ப்புச் சொல்கிறாள். மாண்டோரையெல்லாம் தியாகிகளாக்கி ஆறுதல் தேடிப் பழகிய தமிழ்க் கவிதையுலகம் இவ்விடத்தில் சற்றுத் தயங்கி நிற்க வேண்டும். இரக்கத்தைவிட உண்மையைப் பெரிதென மதிக்கும் குரல் இது. பின்னைய கவிதைகளின் வலிமையும் இதிலிருந்தே பிறக்கிறது.

‘கொழும்பிலிருந்து அவுஷ்விற்ஸ்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய கவிதை பரவலாக அறியப்பட்டது. மார்ச் மாத வெயிலில் வெண்தழலாய்க் காயும் கொழும்பு ஒருபுறம்; பனி உறைந்த பழைய நகரம் மறுபுறம். இடையிலே, குழந்தைகளையும் விடாது உருக்குச் சரிவொன்றின் வழியே தள்ளிக் கழுத்தை நெரித்துக் கொன்ற நிலவறை பற்றிய விவரம் அளவுக்கணக்கோடு வருகிறது. அத்தகைய அறை இருந்ததாக அறியப்படுவது அவுஷ்விற்ஸில் அன்று, பூஹன்வால்ட் முகாமில். வரலாற்றாசிரியர் இதனைப் பிழையென்பர். கவிதையிலோ அவுஷ்விற்ஸ் என்பது ஓர் ஊரின் பெயராக அன்றி, ஒரு செயலின் பெயராகவே நிற்கிறது. இக்கவிதையின் முடிவுதான் கவனத்துக்குரியது. எதிரொலி எழாத கொழும்புத் தெருவும், வெயிலிற் கூர்மழுங்கிய மனமும் அங்கே ஒருவகைப் புகலிடமாகின்றன. இத்தீவில் அந்நினைவுக்கு உறவில்லை, ஆதலால் அமைதியுண்டு.

அந்த அமைதி நிலைக்கவில்லை. 1983க்கு முன்னரே எழுதப்பட்ட ‘அட் வட் டார்க் பொயின்ற்’ என்ற கவிதையில், அவர் நட்ட அரலியா மரத்தின் நிழலில் ஒருவன் நாள்தோறும் அமர்ந்து கயிறு திரிக்கிறான். அவன் எவருக்கும் தீங்கு செய்தவனல்லன். வயிற்றுப்பாட்டுக்குத் தொழில் செய்பவன். ஆயினும் அக்கயிறு அவரை அச்சுறுத்துகிறது. இசையிலும் தத்துவத்திலும் கோயிலிலும் பாதுகாப்பில்லை என்று அறிந்தவரின் அச்சம் அது. (ஏழைத் தொழிலாளியின் மீது இவ்வச்சத்தை ஏற்றியது வர்க்கப் பார்வையின் குறைபாடு என முற்போக்கு விமர்சகர் வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு.) உலைச்சுவரிற் பதிந்த சிறு கையின் சுவடு தன் பிள்ளையின் கையே என்று கவிதை முடிகிறது. யூத மரபு தாய்வழியே பிள்ளையை யூதன் என்னும். சிங்களச் சமூகம் தந்தைவழியே அப்பிள்ளையைச் சிங்களவன் என்னும். அந்தக் கைக்கு இரண்டு பெயர்கள். முதற் பெயரால் அது பலியாகக்கூடும் என்பதை இக்கவிதை கண்டது. இரண்டாவது பெயரால் அது என்னவாகக்கூடும் என்ற வினா இங்கே எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது 1983. ஜூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்முறை மறுநாள் வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன் எனப் பரவிற்று. வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி, தமிழர் வீடுகளைத் தெரிந்து தீயிட்டனர். ‘ஜூலை 1983’ என்னும் கவிதை, நாற்சிக் கொலைஞரையும், நின்று பார்த்திருந்தோரையும் பற்றி முன்னர் வியந்து எண்ணியதிலே தொடங்குகிறது. எண்ணம் தன் வாயிலுக்கே திரும்புகிறது. பிறப்பால் பலியானோரின் பக்கம் நிற்பவர், மணவுறவால் மட்டுமே இணைந்த சமூகத்தின் பொருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவராகவும் தம்மை உணர்கிறார். அந்நியப் பெண் என்று விலகி நிற்க அவருக்கு வழியிருந்தது. எஸ்ஸனை எடுத்துக்காட்டித் தம்மைப் பழியிலிருந்து விடுவித்துக்கொள்ளவும் இயன்றிருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. தாயின் சாவிலே தியாகத்தைக் காண மறுத்த அதே கண்டிப்பு இங்கே அவர்மீதே திரும்பியுள்ளது.

யாழ்ப்பாண நூலக எரிப்பை எழுதிய நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’யோடு இதனை ஒப்பிடுவது பயன்தரும். நுஃமான் கொன்றவர்களை அவர்களுடைய புத்தரின் முன்னே நிறுத்துகிறார். அங்கதத்தின் கூர்மை அங்குண்டு. ஆன் ரணசிங்கவிடம் அங்கதமில்லை. குற்றவாளிக் கூண்டில் அவரே ஏறி நிற்பதால் அதற்கு இடமுமில்லை.

இக்கவிதையில் குறையுமுண்டு. எரிந்த வீடுகளில் வாழ்ந்த தமிழர் எவருக்கும் முகமில்லை, பெயரில்லை, குரலில்லை. சாம்பலும் கரிந்த மரமுமே எஞ்சுகின்றன. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதியைப் படித்த வாசகருக்கு இது வெறுமையாகவே தோன்றும். ஆனால் அத்தொகுதி முழுவதிலும் தேடினாலும் காணக்கிடையாத ஓர் உருவம் இங்கே இறுதியில் நிற்கிறது: எரியும் அயல்வீட்டின் தீயிலே கைகளைக் காய்ச்சிக்கொள்ளும் மனிதர். அவர்கள் கொலைஞருமல்லர். கவிஞர் அவர்களைத் தெருவில் கண்டாரா, தம் உறவினரின் விருந்தறையில் கண்டாரா என்பதைக் கவிதை சொல்லவில்லை.