பந்தியும் படையும்

பழமொழிகளுக்கு ‘உண்மைப் பொருள்’ காணும் முயற்சி நம்மிடையே பெருகி வருகின்றது. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்று நம் பாட்டிமார் சொன்னது பிழையாம். ‘கழு’ என்னும் கோரைப் புல்லைப் பாயாகத் தைக்கும்போது கற்பூர மணம் வீசுமாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பதும் பிழையாம். கொல்லப்பட்டது ‘பேர்’ அன்று, ‘வேர்’ தானாம். மண்குதிரையை ‘மண் குதிர்’ எனக் கொள்ளும் விளக்கம் ஒன்றேனும் ஆராயத்தக்கது. ஏனையவற்றுள் பொதுத்தன்மை ஒன்று உண்டு. விளக்கம் முடிந்ததும் சிரிப்பு மறைந்துவிடுகின்றது.

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பதை இங்கு எடுத்துக்கொள்வோம். விருந்தென்றால் முதலில் போ, போரென்றால் பின்தங்கு என்பது கேட்ட அளவில் தோன்றும் பொருள். இத்தகைய கோழைத்தனத்தை நம் முன்னோர் போதித்திருப்பரா என வினவும் அன்பர்கள், இது வலக்கையைக் குறித்தது என்பர். உண்ணும்போது வலக்கை இலையை நோக்கி முந்துகின்றது. போரில் நாணை இழுக்கும்போது அதே கை செவியை நோக்கிப் பின்செல்கின்றது. எவ்வளவு பின்செல்கின்றதோ அவ்வளவு விரைவாக அம்பு பாயும். விளக்கம் அழகியது; மேடையில் கைதட்டல் பெறத்தக்கது. பொருந்துமா என்பதே வினா.

‘முந்து’, ‘பிந்து’ என்பன முன்னிலை ஒருமை ஏவல் வினைகள். எதிரே நிற்கும் ஒருவனிடம் ‘நீ இதைச் செய்’ என்பன. கையின் இயல்பைக் கூறுவதானால் ‘முந்தும், பிந்தும்’ என்றன்றோ வந்திருத்தல் வேண்டும்? மேலும், பந்தி என்பது உண்போர் வரிசை. கை முந்துவது சோற்றுக்கு. பந்திக்கு முந்துபவன் ஆளே. படை என்னும் சொல்லுக்குப் படைக்கலம் என்ற பொருளும் உண்டே எனலாம். உண்டுதான். ஆயினும் பந்திக்கு இணையாக நிறுத்தப்பெற்ற படை, ஆட்கள் திரண்ட படையாக இருத்தலே இயல்பு.

‘பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தி’ என்றும் இது வழங்குவதுண்டு. அவ்வடிவத்தில், ‘அஃது யாது?’ என வினவி, ‘வலக்கை’ என விடை கூறத் தடையில்லை. ஆனால் அப்போது அது விடுகதையாகிவிடுகின்றது. தொல்காப்பியர் பிசியையும் அங்கதத்தையும் முதுசொல்லையும் தனித்தனியே எண்ணினார். மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தவரும் அவரே; அந்நகை பிறக்கும் களன்களுள் எள்ளலை முதலில் நிறுத்தியவரும் அவரே.

இப்பழமொழியின் உயிர் அவ்வெள்ளலில் இருக்கின்றது என்பது என் துணிபு. விடிந்தும் எழாத மகனை நோக்கி, ‘இன்னும் கொஞ்சம் உறங்கு, அப்பா’ என்று தாய் சொன்னால் அதனைக் கட்டளையாகக் கொள்வார் உண்டோ? ‘படைக்குப் பிந்து’ என்பதும் அத்தகைய ஏவலே. சோற்றையும் போரையும் ஒரே எதுகையில் கட்டி, ஒரு கோழையின் மனக்கணக்கை அவன் வாய்மொழியாகவே வெளிப்படுத்திவிடுகின்றது. புறநானூற்று 279ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகின்றாள். அவளைப் பாடிய சமுதாயத்தில் இப்படியொரு சொல் பிறக்குமா என்று கேட்கின்றனர். அங்கேதான் பிறக்கும். பின்வாங்குதல் இழிவு என்று யாவரும் அறிந்த ஊரில்தான் பின்வாங்குபவன் நகைப்புக்கு உரியவனாவான்.

சிங்கப்பூரில் இவ்விளக்கம் விரும்பப்படுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இங்கு 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். 18 வயதில் படையில் சேரவிருக்கும் மாணவர் நிறைந்த வகுப்பில், ‘படைக்குப் பிந்து’ என்று சொல்ல ஆசிரியருக்கு நா எழுவதில்லை. வலக்கை அப்போது கைகொடுக்கின்றது! அச்சங்கடத்தை நான் குறைகூறேன். ஆனால் நம் பிள்ளைகள் நாம் எண்ணுவதைவிட நகைச்சுவை அறிந்தவர்கள். புலாவ் தேக்கோங்கில் பயிற்சி பெறும் இளைஞன் வாரவிடுப்பில் வருகின்றான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உறவினர் திருமணம். முதற் பந்தியிலேயே அமர்ந்துவிடுகின்றான். அத்தை இப்பழமொழியைச் சொல்லிச் சீண்டுகின்றாள். மற்றவர்களைவிட அவனே உரக்கச் சிரிக்கின்றான். அவன் படைக்குப் பிந்தாதவன் என்பது இலைபோட்ட அனைவருக்கும் தெரியும். ஆகவேதான் அவன் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல முடிகின்றது. வில்லும் நாணும் அங்கே நுழைந்தால் அத்தையின் கேலி பாடக்குறிப்பாகிவிடும்.

வகுப்பில் வலக்கை விளக்கத்தைக் கூறவே கூடாது என்பதன்று என் கருத்து. அதையும் கூறலாம். முதலில் ‘முந்து’, ‘முந்தும்’ என்னும் இரு சொற்களையும் பலகையில் எழுதி, எது யாரை நோக்கிய சொல் என்று மாணவரிடம் கேட்டுவிட்டுக் கூறலாம்.